சித்தப்பாவின் ஜேர்மன் ஊர்

என் சித்தப்பாவுக்கு மூலை முடுக்கெல்லாம் பாடமாகத் தெரிந்த ஊர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அவர் பிறந்த ஊரல்ல. நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த மொன்றியலும் அல்ல. ஜேர்மனியில், இரண்டு ஓடைகள் வந்து சேரும் ஒரு பள்ளத்தாக்கில் கிடக்கிற, ஆயிரம் சனம்கூட இல்லாத ஒரு சின்னக் கிராமசபை. அதன் பெயர் சரக்கு ரயில் மாதிரி நீண்டுகொண்டே போகும். நடுவில் ஒரு கோடு வேறு. எங்கள் வீட்டில் அதை மூச்சு வாங்காமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் அது 'சித்தப்பாவின் ஊர்'. இப்போது நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன், எனக்கும் அலுப்பாக இருக்கிறது.

அகதியாக ஜேர்மனியில் போய் இறங்கியபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. அந்த ஊரின் விளிம்பில், ஆட்கள் வராமல் பூட்டிப்போட்ட ஒரு பழைய விடுதியில், இன்னும் பத்துப் பதினைந்து பெடியன்களோடு கொண்டுபோய் விட்டார்கள். வேலை செய்ய அனுமதியில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. நாலு வருடம் இருந்தார். அகதி வழக்கின் விளக்கத்துக்குக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, உன் வழக்குச் சரிவராது, நாட்டை விட்டுப் போ என்று எழுதிவிட்டார்கள். பிறகு எப்படியோ சுழன்றடித்து மொன்றியலுக்கு வந்து, இங்கே அகதியாக ஏற்கப்பட்டு, அஹுன்ட்சிக் பக்கம் இருந்த எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் முன்னறைச் சோபாவில் குடியேறினார். நான் பிறப்பதற்கு முன்பே அந்தச் சோபா அவருடையதாகிவிட்டது.

அந்த நாலு வருடத்தில் அவர் செய்த ஒரே காரியம், கிராமசபை அலுவலகத்தில் சும்மா கொடுத்த ஒரு மெல்லிய புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை பாடமாக்கியதுதான். அந்த ஊரின் படமும் வரலாறும் அடங்கிய புத்தகம். பொழுது போகாமல் படித்திருக்கிறார் என்று வீட்டில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு விருந்தாட்கள் வந்தால், சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வரும் இடைவெளியில், யாராவது ஒருவர் தொடங்குவார். "எங்கை, ஒருக்கா உம்மட ஊரைச் சொல்லும் பாப்பம்."

சித்தப்பா முதலில் வேண்டாம் என்பார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சோதனைக்கு வந்த பிள்ளை மாதிரி, சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்குவார். முதல் இரண்டு வரி ஜேர்மன் மொழியில். மிச்சம் தமிழில். வடக்கே காடு. கிழக்கே சதுப்பு. மேற்கே மாவட்ட எல்லைக் கல். மேலூர் என்று ஒன்று, கீழூர் என்று ஒன்று, ஓடைகள் சேருமிடத்தில் தண்ணியால் மா அரைக்கிற ஒரு பழைய நீராலை. முதலில் ஒரு மடத்துத் துறவிகளுக்குச் சொந்தமாக இருந்தது. பிறகு ஒரு பிரபுவின் கைக்கு வந்தது. அந்தப் பிரபு தன் மகள் கலியாணம் கட்டியபோது மேலூர், கீழூர், நீராலை மூன்றையும் மருமகனுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் வீடே அதிரும். "அட கோதாரி, வெள்ளைக்காரனுக்கும் சீதனமோ!" என்று ஆண்கள் சிரிப்பார்கள். "நீராலையோடை குடுத்திருக்கிறான், எங்கட ஆக்கள் ஒரு கிணத்துப் பங்குக்கு எத்தினை இழுபறி" என்பார்கள் பெண்கள்.

பிறகு தேவாலயக் கதை. மேலூரும் கீழூரும் தேவாலயம் தங்கள் பக்கம்தான் வரவேண்டும் என்று மூன்று தலைமுறை சண்டை பிடித்தன. கடைசியில் ஒருவருக்கும் வேண்டாம் என்று இரண்டுக்கும் நடுவில், வீடு வாசல் ஒன்றுமில்லாத புல்வெளியில் கட்டினார்கள். அதில் இடி விழுந்து எரிந்து, மணி உருகி ஓடியது. திருப்பிக் கட்டினார்கள், அதே புல்வெளியில். ரயில் வந்தது. ரயில் நின்றது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் பாதை போட்டார்கள். மேலூரையும் கீழூரையும் ஒரே சபையாக்கியபோது யாருடைய பெயரை வைப்பதென்று அதற்கும் சண்டை வந்து, இரண்டு பெயரையும் நடுவில் கோடு போட்டு ஒட்டிவிட்டார்கள்.

அவ்வளவுதான். எல்லோரும் கைதட்டுவார்கள். முதலில் தட்டுவது நான். சித்தப்பா எழும்பிக் குசினிக்குள் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் திருப்பியும் கழுவிக்கொண்டு நிற்பார். வெட்கம் என்று நினைத்தேன்.

எனக்குப் பத்து வயதானபோது பரிஸ் மாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. பரிஸ் மாமி என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்த அக்கா. சித்தப்பாவை வளர்த்ததே அவதான். அவவைப் பார்க்கப் போகச் சித்தப்பா இரண்டு தரம் விசாவுக்குப் போட்டார். அகதியின் பயணப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு இரண்டு தரமும் இல்லை என்றார்கள். கனடாக் கடவுச்சீட்டு இருந்தால் விசாவே தேவையில்லை. கடவுச்சீட்டு வேண்டுமென்றால் குடியுரிமை வேண்டும். குடியுரிமை வேண்டுமென்றால் கனடாவின் பூமிசாத்திரமும் வரலாறும் படித்துச் சோதனை எழுதவேண்டும்.

எழுதினார். கோட்டை விட்டார். இனி ஒரே ஒரு வழி, ஆறு கிழமை கழித்து ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்து வாயால் பதில் சொல்வது. அதிலும் விட்டால் முழுவதையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ, யாருக்குத் தெரியும். மாமிக்கு அவ்வளவு காலம் இருக்கிறதா என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

"பிள்ளை படிப்பிக்கட்டும்" என்றார் அப்பா. அவர் விமான நிலையத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றிவிட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சரிந்திருந்தார். அம்மா தையல் தொழிற்சாலையிலிருந்து வந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஓம், அவளுக்குத்தான் உங்கை எல்லாம் தெரியுமே" என்றா. அது பாராட்டா நக்கலா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அந்த வீட்டில் களைக்காத ஆள் நான் ஒருத்திதான். அதனால் வேலை என் தலையில் விழுந்தது.

பள்ளிக்கூடம் விட்டு நான் வருவது மூன்றேகாலுக்கு. சித்தப்பா உணவகத்தில் கோப்பை கழுவப் புறப்படுவது நாலரைக்கு. அந்த ஒன்றேகால் மணித்தியாலம் என்னுடைய வகுப்பு. கையில் அடிமட்டம் வைத்துக்கொண்டேன். அடிக்கிறதற்கல்ல, மேசையில் தட்டுகிறதற்கு.

"கனடாவின்ரை தலைநகர் என்ன?"

"ரொறன்ரோ."

டொக்.

"மொன்றியலோ?"

டொக். டொக்.

வெடித்துப்போன விரல்களால் பக்கத்தைப் புரட்டுவார். ஐந்து நிமிடத்தில் தலை சரியும். எழுப்பினால், "இல்லைப் பிள்ளை, நான் கண்ணை மூடிக்கொண்டு யோசிச்சனான்" என்பார். இப்படி இரண்டு கிழமை போனது. எனக்குச் சீ என்று வந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன ஜேர்மன் ஊரை நாலு வருடம் பாடமாக்கத் தெரிந்த ஆளுக்குத் தன் சொந்த அக்காவுக்காக ஒரு தலைநகரை ஞாபகம் வைக்கத் தெரியாதா? கேட்டேன், அப்படியே கேட்டேன். பத்து வயதில் எனக்கு வாய் அப்படி.

அவர் கோபிக்கவில்லை. "ஒட்டாவாவை ஏன் பிள்ளை தலைநகராக்கினவங்கள்? அங்கை அப்ப ஒரு சனமும் இல்லையாமே" என்றார்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் மடாம் சொல்லித்தந்ததை அப்படியே ஒப்புவித்தேன். மேல் கனடா என்று ஒன்று இருந்தது, கீழ் கனடா என்று ஒன்று இருந்தது. ஒன்று ஆங்கிலம், ஒன்று பிரெஞ்சு. இரண்டையும் ஒன்றாக்கினார்கள். தலைநகர் எங்கள் பக்கம்தான் என்று இரண்டு பக்கமும் சண்டை. கடைசியில் நடுவில்...

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நில்லு, நில்லு. மேல், கீழ் எண்டோ சொன்னனீ?"

"ஓம்."

"சண்டை பிடிச்சு, ஒருதருக்கும் வேண்டாமெண்டு நடுவிலையோ?"

"ஓம் எண்டுறன்."

"அட கடவுளே, இது எங்கட தேவாலயமெல்லோ!"

என் கொப்பியை இழுத்து, பென்சிலால் இரண்டு ஓடை கீறினார், மேலூர் கீறினார், கீழூர் கீறினார், நடுவில் புல்வெளி. புல்வெளியில் நான் ஒட்டாவா என்று எழுதினேன். அவர் சிரித்து நான் அப்படிப் பார்த்ததில்லை; மேல்வரிசைப் பல் ஒன்று இல்லையென்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு கனடா அந்தப் பள்ளத்தாக்குக்குள் மளமளவென்று வந்து இறங்கியது. அரசன் ஒருவன் வடக்கே கிடந்த நிலத்தையெல்லாம் தன் சொந்தக்காரரின் கம்பனிக்கு எழுதிக் கொடுத்தான் என்று நான் சொன்னால், "அது சீதனம்" என்பார். முந்தி மொன்றியலில் இருந்த பாராளுமன்றத்தைச் சனம் கொளுத்தியதென்றால், "அது இடி விழுந்தது." மேற்கே போகிற ரயில் என்றால், "அது எங்கடை ரயில், ஆனா இவங்கள் கழட்டேல்லை." பத்து மாகாணங்களையும் நீராலையைச் சுற்றியிருந்த வீடுகளில் குடியேற்றினோம். பிரிட்டிஷ் கொலம்பியா மேற்கு எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த ஊரைப் பற்றி எனக்கும் இன்றைக்கு எல்லாம் தெரியும் என்றால் அதற்கு அந்த ஒரு மாதம்தான் காரணம்.

அந்த நாள் வந்தபோது, ஆசிரியர்களுக்கு மட்டும் வகுப்பென்று எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் லீவு கிடைக்கவில்லை. வரவேற்பில் பிரெஞ்சு கதைக்க ஆள் வேண்டுமே என்று என்னை அனுப்பினார்கள். சித்தப்பா அப்பாவின் கோட்டைப் போட்டிருந்தார். கை நீளம் காணாது. மெட்ரோவில் வழிநெடுகக் கேள்வி கேட்டுக்கொண்டே போனேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காத்திருக்கும் அறையில் கடைசி அறிவுரையாக, பெரிய மனுசி மாதிரிச் சொன்னேன்: "சித்தப்பா, பயப்பிடாதேங்கோ. அவ 'பிராவோ' எண்டு சொன்னா நீங்கள் பாஸ். எங்கடை மடாமும் அப்பிடித்தான். கைதட்டினா, பிறகு கேள்வியே இல்லை."

"கைதட்டுவினமோ?"

"நல்லாச் சொன்னாத் தட்டுவினம்."

அவர் எழும்பினார். தண்ணி எங்கே இருக்கும் என்று கேட்டார். காட்டினேன். இரண்டு தரம் போய்க் குடித்துவிட்டு வந்தார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. சங்கிலியில் மூக்குக்கண்ணாடி தொங்கவிட்ட ஓர் அம்மா அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தா. நல்ல மனுசி. குனிந்து என்னிடம் பிரெஞ்சில் சொன்னா. "முதல் கேள்விக்கு உன் சித்தப்பா எவ்வளவு அழகாகப் பதில் சொன்னார் தெரியுமா, ஒட்டாவா ஏன் தலைநகரானது என்று, உடைந்த பிரெஞ்சில், ஒரு கதை மாதிரிச் சொன்னார், இத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. பிராவோ என்றேன். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு, இவருக்கும் ஒருக்கால் சொல்லுங்கள் என்றேன். அதோடு வாயை மூடிவிட்டார். எவ்வளவு கேட்டும் ஒரு சொல் இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லை மடாம், அவருக்கு எல்லாம் தெரியும். என்னைக் கேளுங்கோ, நான் சொல்லுறன்" என்றேன்.

அவ என் தலையைத் தடவினா. எழுதுவதற்கு ஏதாவது வேண்டுமே, சொல்லாததை நான் எப்படி எழுதுவது என்றா.

திரும்பி வரும்போது மெட்ரோவில் எங்களுக்கு எதிரெதிர் ஆசனம் கிடைத்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மாதப் பாடு, நான் கீறிய படம், பனியில் விளையாடப் போகாமல் இருந்த பின்னேரங்கள், எல்லாம் தண்ணியில் போட்டாச்சு.

"ஏன் சொல்லேல்லை?"

"வாய் வரேல்லைப் பிள்ளை."

"எல்லாம் தெரியுமே! வரேக்கையும் சொன்னீங்களே!"

"ஓம்."

"நீங்கள் ஒரு மொக்கு. மாமி செத்துப்போனா அது உங்களாலைதான்."

சத்தமாகவே சொன்னேன். சற்றுத் தள்ளியிருந்த ஒரு தமிழ் அம்மா திரும்பிப் பார்த்தா. சித்தப்பா அவவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஓம்" என்றார்.

இறங்கியதும் மூலையிலிருந்த தெப்பனேர் என்கிற பெட்டிக்கடையில் எனக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கற் வாங்கினார். நான் கையை நீட்டவில்லை. சேறும் பனியும் குழம்பிக் கிடந்த வீதியில் நான் முன்னால் விறுவிறென்று நடந்தேன். அவர் கை குட்டையான கோட்டோடு, பைக்கற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்தார். அது குசினி அலுமாரியில் பல நாள் கிடந்தது. அம்மாதான் கடைசியில் எடுத்துத் தின்றா.

அப்பா விசயத்தைக் கேட்டுவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். "சரி, திருப்பிப் போடுவம்" என்றார். கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கத்துவதற்கு ஒருவரிடமும் தெம்பில்லை.

அடுத்த பங்குனியில் மாமி போய்விட்டா. செத்தவீட்டைப் பரிஸிலிருந்து தொலைபேசியில் போட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் முன்னறையில் அந்தக் கருவியைச் சுற்றி இருந்து அழுதோம். சித்தப்பா மட்டும் விறாந்தையில், சப்பாத்துகள் அடுக்கிற பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணி குடிக்கப் போகிற சாட்டில் இரண்டு தரம் அவரைக் கடந்து போனேன். நான் சொன்னதைச் சொல்லிக் காட்டிவிடுவாரோ என்று எனக்கு ஒரே பயம். அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் திருப்பி விண்ணப்பிக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சொல்வதையும் விட்டுவிட்டார். வயது போனவர்களுக்குச் சோதனை இல்லை என்று ஒரு விதி இருக்கிறது. அந்த வயது வருமட்டும் கோப்பை கழுவிக்கொண்டு காத்திருந்து, குடியுரிமை எடுத்தார். பரிஸுக்கு ஒருமுறை போய், மாமியின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தார். அங்கிருந்து ரயிலேறினால் அந்த ஜேர்மன் ஊருக்கு அரை நாள் பயணம்தான். போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, "அங்கை என்ன கிடக்கு" என்றார்.

போன மாரியில் ஒரு ஞாயிறு, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் வாரம் முழுக்க வேலைக்கு ஓடிய களைப்பில் சோபாவில் கிடந்தேன். ஆறு வயதான என் மகளுக்கு நான் அந்த ஊரைத்தான் கதையாகச் சொல்லித் தூங்கவைப்பது வழக்கம். அவள் அவர் மடியில் ஏறிக்கொண்டு, பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும், ஊர் சொல்லுங்கோ தாத்தா என்று பிடிவாதம் பிடித்தாள். இருபது வருடத்துக்குப் பிறகு, சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். காடு, சதுப்பு, எல்லைக் கல். ஒன்றையும் மறக்கவில்லை. பிரபு சீதனம் கொடுத்த இடத்தில் பிள்ளை 'பிராவோ' என்று கத்திக் கைதட்டினாள்.

சித்தப்பாவின் வாய் அப்படியே நின்றது. அவளை மெல்ல இறக்கிவிட்டு எழும்பிக் குசினிக்குப் போனார். தண்ணி திறக்கிற சத்தம் கேட்டது. நான் பின்னால் போனேன்.

"என்ன சித்தப்பா?"

கழுவின கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ஒண்டுமில்லைப் பிள்ளை. ஜேர்மனியிலை விளக்கத்துக்குக் கூப்பிடேக்கை, அந்த ஊரைப் பற்றித் தெரிஞ்சிருந்தா விடுவாங்கள் எண்டு எங்கடை பெடியள் சொன்னவங்கள். அதுதான் பாடமாக்கினனான். அங்கை போய் முழுக்கச் சொன்னன், அவங்கடை பாசையிலை. எல்லாரும் கைதட்டினவை. கோப்பி தந்தவை. பக்கத்து அறையிலை இருந்தவையையும் கூட்டிக்கொண்டு வந்து, இன்னொருக்காச் சொல்லு எண்டவை. சொன்னன். அவையும் கைதட்டினவை. மூண்டு கிழமையிலை, நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் காயிதம் வந்திட்டுது."

கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

"இஞ்சையும் அந்த மனுசி பிராவோ எண்டிட்டுப் பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டவ. சரி, முடிஞ்சுது எண்டு விளங்கிட்டுது. பேந்தென்னத்தைக் கதைக்கிறது?"

முன்னறையில் பிள்ளை இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் அஹுன்ட்சிக் வீட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், பெரியவர்கள் சிரித்து முடிக்குமுன்பே, நான்தான் முதலில் தட்டுவேன். நான் போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.